முதல் வரியில் நிற்பவள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. அங்கே குழந்தையின் காது வலி விட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால், சொல்ல வந்ததை மறந்து சிரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே என் கோபத்தை நீ அப்படித்தான் கரைப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தைச் சிரிக்க வைக்க முடியாது.

உன் நாவல் வந்து சேர்ந்தது. பரிசு கிடைத்ததையும் பேப்பரில் பார்த்தேன். சந்தோஷம். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு, பயபக்தியாகத்தான் பிரித்தேன். முதல் வரி இப்படி இருந்தது:

"அம்மா ஏழு முறை தட்டினாள், அக்கா கதவைத் திறக்கவில்லை."

மூடி வைத்துவிட்டேன். உன் மாமா எடுத்துப் படித்துவிட்டு, "முதல் வரியிலேயே உன்னை நிக்க வெச்சுட்டானே" என்றார். பணிமனையில் பஸ்ஸுக்கு வயர் இழுக்கிற மனுஷனுக்கே அது புரிகிறது.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். பேட்டியில் நீ என்ன சொன்னாய்? "என் அக்கா ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். கதவுகள் அவரை விடுவதாக இல்லை." படிக்கிறவர்கள் ரசித்திருப்பார்கள். எங்கள் விடுதியில் அறுபத்திரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் படிக்கத் தெரியும். எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டுவது நிர்வாகத்தின் சட்டம். பூட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். போன வாரம் ஒரு பெண் தாமதமாக வந்தாள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டேன். மறுநாள் காலையில் கேட்டின் உள்பக்கம் ஒரு சார்ட் பேப்பர் தொங்கியது. பச்சை ஸ்கெட்ச் பேனாவில் உன் முதல் வரி. வாளியோடு வெந்நீருக்கு நின்ற வரிசை முழுக்க என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது.

அடுத்த பதிப்பு வரப்போகிறதாமே. அதில் அந்த வரியை எடுத்துவிடு. வேறு எதையாவது போட்டுக்கொள்.

குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா


ஜனவரி 21

என் அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குழந்தையின் காது சரியாகிவிட்டது. இப்போது நாங்கள் சொல்வதுதான் அதற்குள் போவதில்லை. மாமாவின் முழங்காலுக்கு என் வணக்கம்.

சார்ட் பேப்பர் விஷயம் படித்துச் சிரித்தேன். மன்னித்துவிடு. அந்தப் பெண்கள் விவரமானவர்கள்.

அக்கா, முதல் வரி என்பது சும்மா எழுதி வைப்பது இல்லை. புத்தகக் கடையில் ஒருவன் நின்றபடியே பிரிப்பான். அரை நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட வேண்டும். "ஒரு ஊரில் ஒரு குடும்பம் இருந்தது" என்று ஆரம்பித்தால் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடுவான். இந்த ஒரு வரிக்காக இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு வாரப் பத்திரிகை, மறக்க முடியாத பத்து முதல் வரிகள் என்று பட்டியல் போட்டிருக்கிறது. இது இரண்டாவது. இதை எடுப்பது, கட்டி முடித்த வீட்டின் வாசலை இடிப்பது மாதிரி.

தவிரவும் அந்த அக்கா நீ இல்லை. அது ஒரு கதாபாத்திரம். நாவலில் அவளுக்கு இரட்டைச் சடை, பூனைக் கண். உனக்கு ஏது பூனைக் கண்? பொறுமையாக முழுவதையும் படி. கடைசியில் அவளைப் படிக்கிறவர்கள் மன்னித்துவிடுவார்கள்.

கோபம் தணிந்ததும் போன் செய்.

உன் தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

சுகம்தான். நீயும் சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும்.

என்னை மன்னித்துவிடுவார்களாமே. எதற்காக?

பூனைக் கண்ணை வைத்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. அம்மா போனது கதையா? ஒரு காலையில் துணிப்பையோடு வீட்டைவிட்டுப் போனாள். பதினோரு மாதம் கழித்து, அப்பா மனசு மாறி ஆள்விட்டுக் கூப்பிட்டதும், ஒரு மத்தியானம் வந்து கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. போய்விட்டாள். அப்பா இருந்தவரை அந்த வாசலை அவள் மிதிக்கவே இல்லை. இதில் எது உன் கற்பனை?

சாயந்திரம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யாரு வீட்ல இருந்தது?" என்று கேட்டார். நான் சொன்னேன், "நான்தான் இருந்தேன். கிளாசுக்குப் போகல. தம்பி தூங்கிட்டிருந்தான். நான்தான் தெறக்கல."

அதற்குப் பிறகு நாலு வருஷம் அப்பா என்னோடு பேசவில்லை. டைப்ரைட்டிங் கிளாஸ் நின்றது. காலேஜ் பேச்சே எடுபடவில்லை. முதலில் வந்த வரனுக்குக் கொடுத்தார். உன் மாமா தங்கமாக வாய்த்தது என் அதிர்ஷ்டம், அப்பாவின் அக்கறை இல்லை. கல்யாணத்தன்று நான் கிளம்பும்போதுகூட "போயிட்டு வா" என்பதை நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னார். அதெல்லாம் உன் நாவலில் உண்டா?

உன் வரியை நீயே இடிக்க வேண்டாம். ஒரே ஒரு சொல்லை மாற்று. "அக்கா"வை எடுத்துவிட்டு "நான்" என்று போட்டுப் பார். வாசல் அப்படியே இருக்கும். ஒரு எழுத்து குறையும்கூட.

பதில் எழுது. போன் செய்யாதே.

அக்கா


மார்ச் 18

தம்பிக்கு,

ஆறு வாரம் ஆகிறது. நலமாக இருக்கிறாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் பேசினாய். முதல் வரி எழுதுவது எப்படி என்று அரை மணி நேரம். எனக்கு நாலு வரி எழுத நேரமில்லை.

இங்கே நடந்ததைக் கேள். திங்கட்கிழமை ஒரு அம்மா தன் பெண்ணைச் சேர்க்க வந்தார். விண்ணப்பம் நிரப்பி, கட்டிலும் அலமாரிச் சாவியும் காட்டி, மெத்தை உறைவரை கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் இங்கே யாரிடமோ பேசிவிட்டு வந்து அம்மாவின் காதில் என்னவோ சொன்னாள். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் புஸ்தகத்துல வர்ற அக்கா நீங்கதானா?"

"அது கதைங்க" என்றேன். நீ சொல்லிக்கொடுத்த பதில்தான்.

"கதையோ என்னவோ. பெத்தவளையே வெளியில நிக்க வெச்சவங்க, என் பொண்ணு அழுதுக்கிட்டு வந்து நின்னா தெறப்பீங்களா?"

மெத்தை உறையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் செயலாளர் கூப்பிட்டார். "உங்க மேல தப்பில்லம்மா. ஆனா பேரு கெடக் கூடாது பாருங்க. கொஞ்ச நாள் வரவேற்புல நீங்க உக்கார வேணாம். ஸ்டோர் ரூம் பாத்துக்குங்க" என்றார். பதினோரு வருஷம் இங்கே இருக்கிறேன். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் நான்தான் பக்கத்தில் உட்காருவேன். இப்போது சோப்புக் கட்டியையும் பினாயில் டப்பாவையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. அந்த வாய்க்கு அவல் போட்டது நீ.

நான் கேட்டதற்குப் பதில் எங்கே?

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிப்பு. ஒரே அலைச்சல். நாவல் இன்னொரு மொழிக்குப் போகிறது. மொழிபெயர்க்கிறவர், "முதல் வரியைத் தொட மட்டும் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

ஸ்டோர் ரூம் விஷயம் வருத்தமாக இருக்கிறது. செயலாளருக்கு வேண்டுமானால் நான் ஒரு கடிதம் எழுதுகிறேன், இது கற்பனை என்று. பதிப்பகத்தில் முதல் வரியை அச்சடித்துத் துணிப்பை போட்டிருக்கிறார்கள். உனக்கும் ஒன்று அனுப்புகிறார்களாம். வந்தால் தப்பாக நினைக்காதே.

பழையதைக் கிளறினால் புழுதிதான் வரும், அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 10

பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லபடியாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலையை விட்ட பிறகும் பின்பக்க அறையை எனக்கே விட்டுவிட்டார்கள். காலையில் பிள்ளைகள் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன். கண்ணில் புரை நீக்கிய பிறகு நன்றாகத் தெரிகிறது. மாப்பிள்ளை சுகமா?

கண் தெரிவதால் வந்த வினை இது. நூலகத்து டீச்சர், "உங்க பையன் புக்" என்று கொண்டுவந்து கொடுத்தாள். முதல் வரியைப் படித்துவிட்டு, தப்பாகப் படித்தோமோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். உன்னை எதற்கு எழுதியிருக்கிறான்?

உன் அப்பா இறந்த பிறகு நாம் பேச ஆரம்பித்து எவ்வளவோ காலம் ஆகிறது. அந்த மத்தியானத்தைப் பற்றி நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் கதவின் அடிப்பக்கம் மூன்று விரல் உயரத்துக்கு இடைவெளி இருந்தது உனக்கு நினைவிருக்கும். நான் பையைத் தரையில் வைக்கக் குனிந்தபோது உள்ளே பார்த்தேன். கதவை ஒட்டி இரண்டு சின்னக் கால்கள். ஒரு பெருவிரலில் பிளாஸ்திரி. அசையவே இல்லை. உன் கால் இல்லை அது.

எட்டு வயதுக் குழந்தைக்கே நான் வேண்டாம் என்றால் வேறு யாரைக் கேட்பது என்று போய்விட்டேன். அவன் மனசு கஷ்டப்படும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அவனுக்கு மறந்துவிட்டதா? உன்னை ஏன் சொல்கிறான்? நீ ஏன் சும்மா இருக்கிறாய்?

அம்மா


ஏப்ரல் 14

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. வழக்கம் விடவில்லை, அதனால் கேட்கிறேன்: குழந்தை நலமா?

அம்மா எழுதியிருக்கிறாள். கதவுக்கு அடியில் உன் காலைப் பார்த்தாளாம். பிளாஸ்திரி போட்ட கால். அந்தப் பிளாஸ்திரியை முந்தின நாள் உனக்கு ஒட்டிவிட்டது நான்.

இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுதும் முன்தான் சொன்னேன். உன்னிடமே வாய்விட்டுச் சொன்னதில்லை. நீ மறந்திருந்தால் மறந்ததாகவே இருக்கட்டும் என்று இருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். உனக்குப் புட்டாலம்மை. தாடை வீங்கி வீட்டில் தனியாகப் படுத்திருந்தாய். நான் கிளாசில் இருந்தேன். இரண்டரைக்கு வந்து தட்டினேன். எனக்கு உடனே திறந்தாய். கால்சட்டை நனைந்திருந்தது. "அம்மா வந்தாங்க" என்றாய். நான் தெருமுனைவரை ஓடினேன். யாரும் இல்லை. திரும்பி வந்து உன் கால்சட்டையை மாற்றி, நனைந்ததை அலசிக் காயப்போட்டேன். அப்பா வந்து கேட்டபோது நீ தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருந்தாய். உன் பல் கிடுகிடுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பாவின் கை இடுப்பு பெல்ட்டில் இருந்தது. அதனால் "நான்தான்" என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை. அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அதற்காக நீ நன்றி சொல்ல வேண்டாம். எட்டு வயதுப் பையன் செய்ததற்கு நான் இன்றும் கோபப்படவில்லை. நாற்பது வயது மனுஷன் செய்ததற்குத்தான் கோபப்படுகிறேன்.

மறந்துவிட்டது என்று மட்டும் எழுதாதே. நேற்று உன் நாவலை உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்திலேயே கதவின் தாழ்ப்பாளைப் பற்றி எழுதியிருக்கிறாய்: "நெற்றியில் பட்ட இரும்பின் குளிர்ச்சி." அந்தத் தாழ்ப்பாள் என் மார்பளவுதான், தம்பி. யாருடைய நெற்றியில் பட்டது?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நானாக ஏற்றுக்கொண்ட பழி அது, நம் வீட்டுக்குள் இருந்தது. அதை எடுத்து நீ அச்சடித்து, பையில் போட்டு, தெருவில் எல்லோர் தோளிலும் தொங்கவிட்டிருக்கிறாய். எனக்கும் ஒரு பை வந்தது. பினாயில் டப்பா வைக்க வசதியாக இருக்கிறது.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

குழந்தை நலம். நான் நலம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும்.

மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை.

அம்மா போன அன்று காலையில் என் தலையைத் தடவி, "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்டா" என்றாள். நான் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டும் வரை. மறுநாளும். நீ இழுத்துக்கொண்டு போய்ச் சோறு ஊட்டினாய். அவள் திரும்பி வந்து தட்டியபோது குரல் கேட்டது. ஓடிப் போய்த் தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் கோபம் வந்தது. நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன், இவளும் கொஞ்சம் நிற்கட்டும் என்று தோன்றியது. பத்து தட்டு தட்டட்டும், பத்தாவதில் திறக்கலாம் என்று எண்ணினேன். ஏழோடு நின்றுவிட்டது. இன்னும் மூன்று தட்டுவாள் என்று நின்றுகொண்டே இருந்தேன். அடுத்து நீதான் தட்டினாய்.

நாவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ "நான்" என்று மாற்றச் சொன்னாயே, முதலில் எழுதியதே அதுதான். "நான் கதவைத் திறக்கவில்லை." இரண்டு வருஷம் மண்டையை உடைத்தேன் என்றேனே, வரி கிடைக்காமல் இல்லை. அந்த வரிக்கு அடுத்த வரி வரவில்லை. ஒரு நாள், சும்மா எழுதித்தான் பார்ப்போமே என்று "நானை" அடித்துவிட்டு "அக்கா" என்று போட்டேன். மறுநாளைக்குள் இருபது பக்கம் ஓடியது. அன்றைக்கு நீ என்னை எப்படிக் காப்பாற்றினாயோ, அதே வழியில் மறுபடி தப்பித்தேன். இந்த முறை உன்னைக் கேட்கவில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஆறு வாரம் இழுப்பறையைத் திறக்காமல் இருந்தேன்.

அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன். பதிப்பாளர் குதிப்பார். குதிக்கட்டும்.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

சுகம். மாமாவுக்கு முழங்கால் தேவலை.

உன் மே மாதக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பத்து வரை எண்ணியது எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால், நேற்று பேப்பரில் இது வருகிறது. இலக்கிய விழா மேடையில் நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாம். குரல் தழுதழுத்ததாம். "அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது" என்று போட்டோவோடு போட்டிருக்கிறார்கள். போட்டோவில் நீ கண்ணைத் துடைக்கிறாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முப்பத்திரண்டு வருஷம் நான் சுமந்தேன்; ஒருவரும் கை தட்டவில்லை. நீ ஒரு மாலை நேரத்தில் இறக்கி வைத்தாய். எழுந்து நின்று தட்டுகிறார்கள். அக்காவின் தியாகமாம். நான் தியாகம் செய்யவில்லை. பயந்த பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இதற்கும் ஒரு அலங்காரம் செய்து மேடையில் வைத்துவிட்டாய். என்னைக் கேட்டாயா? ஒரு வார்த்தை?

இங்கே செயலாளர் என்னை மறுபடி வரவேற்பில் உட்காரச் சொல்லிவிட்டார். "உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கறது விடுதிக்கே பெருமை" என்றார். அதைக் கேட்டும் எனக்குக் கோபம்தான் வந்தது. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முன்பின் தெரியாத ஐந்நூறு பேரிடம் சொன்னாயே, அம்மாவிடம் போய்ச் சொன்னாயா? மூன்று மணி நேரப் பயணம்தான். மைக் இருக்காது.

அக்கா


ஜூலை 5

அம்மாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா?

நான் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்டிருந்தீர்கள். அன்று அப்பா அவனைப் பெல்ட்டால் அடிக்க விடக் கூடாது என்றுதான் பழியை நான் ஏற்றுக்கொண்டேன். மூன்று மாதமாக உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம் வேறு. தம்பிமேல் இருந்த கோபம் அடங்க அடங்க, அதற்குக் கீழே இன்னொன்று இருப்பது தெரிந்தது.

காலைப் பார்த்தீர்களே. குழந்தையின் கால் என்று தெரிந்ததே. ஒரு தடவை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாதா? நான் இரண்டரைக்கு வந்துவிட்டேன். மறுநாள் வந்திருக்கலாம். அடுத்த வாரம் வந்திருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை கதவைத் திறக்கவில்லை என்றால், அதுதான் தீர்ப்பா? நான் பதினேழு வயதில் அந்த வீட்டுக்குச் சமைத்தேன். அவனுக்குத் தலை வாரினேன். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நாலு வருஷம் பரிமாறினேன். நீ எங்கேம்மா இருந்தாய்? யாரோ பெற்ற நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாய். எங்களை ஏன் நீ இன்னொரு தடவை வந்து கேட்கவில்லை?

பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

மகள்


ஆகஸ்ட் 24

பெரியவளுக்கு,

சுகமாக இருக்கிறேன். மருந்து வேளா வேளைக்கு விடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இப்போதுதான் முடிக்கிறேன்.

கோபத்தில் என்னை "நீ" என்று எழுதியிருக்கிறாய். நான் போனதிலிருந்து நீ என்னை அப்படிச் சொன்னதில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்.

சின்னவன் போன மாதம் வந்தான். இந்தக் கட்டில் ஓரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அழுதான். பத்து வரை எண்ணியதைச் சொன்னான். நான் அவன் தலையைத் தடவினேன், பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

அவன் ஏழு என்று எழுதியிருப்பது அவனுடைய பெருந்தன்மை. நான் மூன்று தடவைதான் தட்டினேன். அதுவும் சத்தமாக இல்லை. திரும்பிப் போகிற பஸ் இரண்டு மணிக்கு. அதற்கான டிக்கெட்டை வரும்போதே வாங்கி ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். காலைப் பார்த்ததும் மனசு வலித்தது நிஜம். ஆனால் அந்த வலிக்கு அடியில், அப்பாடா என்று இருந்தது. அதுவும் நிஜம். அந்த வீட்டுக்குள் மறுபடி போக எனக்கு இஷ்டமில்லை. உன் அப்பா மாறிவிட்டார் என்றார்கள். நான் நம்பவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. ஊருக்காக வந்து தட்டினேன். கதவு திறக்காதது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. பிள்ளையே வேண்டாம் என்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். போன கடிதத்திலும் அதையேதான் உனக்கு எழுதினேன்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். உங்களை வேண்டாம் என்று போகவில்லை. ஆனால் உங்களை விட்டுவிட்டுத்தான் போனேன். அவன் பத்து எண்ணியிருந்தாலும் நூறு எண்ணியிருந்தாலும் நான் நின்றிருக்க மாட்டேன்.

அவனிடம் இதை நீ சொல். என்னால் முடியாது.

அம்மா


செப்டம்பர் 8

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். புதிய பதிப்பு வந்தது. "அம்மா ஏழு முறை தட்டினாள், நான் கதவைத் திறக்கவில்லை." பார்த்தேன். செயலாளருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். எல்லாம் தெரிந்த மனுஷன்தான், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, 'நான்'னு வந்திருக்கு, அச்சுப் பிழையா?" என்று கேட்டார். வாரப் பத்திரிகையில் ஒருவர், முதல் வரியின் அழகே போய்விட்டது, வரி படுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். படுக்கட்டும். நான் எவ்வளவு காலம் நின்றிருக்கிறேன்.

இதோடு அம்மாவின் கடிதத்தை வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லும் வேலையையும் என் தலையில்தான் கட்டியிருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் யாருக்குமே தன் வாயால் எதையும் சொல்லத் தெரியாது. நடுவில் நான் ஒருத்தி தபால்காரி. அவளுக்கு நானும் காரமாக ஒரு பதில் எழுதியிருக்கிறேன். "நீ" என்றுதான் எழுதினேன். அடுத்த மாதம் நேரில் போய் மிச்சத்தையும் திட்டிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். மாமாவும் வருகிறார்.

கடிதத்தை உட்கார்ந்து படி. குறிப்பாக டிக்கெட் பற்றிய இடத்தை. நீ எண்ணியதற்கும் அவள் போனதற்கும் சம்பந்தமே இல்லை, தம்பி. நீ திறந்திருந்தாலும் அவள் அந்த வீட்டில் தங்கியிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான். காய்ச்சல்காரப் பிள்ளை, கதவுக்குப் பின்னால் நின்று இவ்வளவு காலம் எண்ணியிருக்கிறாய். போதும். வந்து படு.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது தனி. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

படித்ததும் அம்மாவின் கடிதத்தை மறுதபாலில் திருப்பி அனுப்பிவிடு. நகல் எடுக்காதே. அதிலிருந்து ஒரு வரி, ஒரே ஒரு வரி, எந்தப் புத்தகத்திலாவது என் கண்ணில் பட்டால் உன் கையை ஒடித்து அடுப்பில் வைப்பேன்.

அக்கா